மருந்து நிறுக்கும் மேசை

அப்பா தராசை எடுத்து வைத்தால் முதலில் நிற்பது மின்விசிறி. அக்கினி நட்சத்திரமாக இருந்தாலும் அப்படித்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் அவர் கம்பவுண்டராக இருந்தார். டாக்டர் உட்காரும் அறைக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஓர் அறை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய்விடுவேன். பொட்டலம் மடிப்பது என் வேலை. ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, கழுத்தில் வேர்வை வழிய அப்பா ஒரு சிட்டிகைப் பொடியை எடை போட்டுக்கொண்டிருப்பார். நான் கிட்டே போய் எட்டிப் பார்த்தால், "மூச்சை அந்தப் பக்கம் விடும்மா" என்பார்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து அதே வார்த்தையை அமெரிக்காவில் டாலஸ் நகரத்துக்குப் பக்கத்தில், கார் நிறுத்தும் ஒரு கொட்டகையில் கேட்டேன். சொன்னவன் என் அக்கா மகன். "சித்தி, கொஞ்சம் மூச்சை அந்தப் பக்கம் விடுங்க." அவன் முன்னால் ஒரு தராசு. தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. கொட்டகைக் கதவைச் சாத்தி, ஏசியிலிருந்து காற்று வரும் வழியை ஒரு அட்டையால் மறைத்திருந்தான். நோயாளிக்குக் கொடுக்கிற மருந்தில்லை அது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்ப எடுத்து, கழுவி, புது மருந்து போட்டு மறுபடியும் தோட்டாவாக்குகிற வேலை. அங்கே குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுகிறவர்கள் நிறையப் பேர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள்.

துப்பாக்கி எனக்குப் பிடிக்காது. அதை அவனிடமும் சொன்னேன். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் முயன்று பார்க்க இதில் ஒன்றும் இல்லை. அந்த மேசையில் நான் பார்த்தது என் அப்பாவின் மேசையை. முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். பொடியைச் சரியாக எடை போடுவது பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு வாரத்தில் புதிதாகக் கற்றுக்கொண்டதையும், அப்பாவிடம் கற்று மறந்துபோனது திரும்ப வந்ததையும் எழுதி வைக்கத் தோன்றுகிறது.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, துப்பாக்கியில் போடுவதும் மருந்து. அவனிடம் இதைச் சொன்னதும், "அட, ஆமா சித்தி" என்று நின்றுவிட்டான். அதைவிட வியப்பு, இரண்டுக்கும் அளவும் ஒன்றே. கிரெயின். அப்பா நிறுத்தது கிரெயினில். தோட்டா மருந்தையும் ஈயக் குண்டையும் அமெரிக்காவில் இன்றும் கிரெயினில்தான் சொல்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது 64.79891 மில்லிகிராம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். பெயரே தானியமணி என்ற பொருளில் வந்தது. நம் பக்கத்துப் பழைய கணக்கில் 4 நெல்லெடை ஒரு குன்றிமணி எடை என்பார்களே, அதே யோசனை. குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 2 கிரெயினுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் 180 கிரெயின், அதுவே ஒரு தோலா.

1958 அக்டோபரிலிருந்து நாட்டில் மெட்ரிக் எடைகள் வந்துவிட்டன. ஆனால் அந்த டிஸ்பென்சரியில் டாக்டர் எழுதும் சீட்டில் கிரெயின் வெகுநாள் நீடித்தது. அது முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆஸ்பிரின் மாத்திரை 325 மில்லிகிராம். 300 என்றோ 350 என்றோ இல்லாமல் ஏன் 325 என்று என் மாணவிகளைக் கேட்பேன். யாருக்கும் தெரியாது. அது 5 கிரெயின்.

இனி அளவுக்கு வருகிறேன்.

அக்கா மகனின் மேசையில் பித்தளையில் ஓர் அளப்பான் இருந்தது. மேலே மருந்து நிரப்பும் கூண்டு, நடுவே குழி உள்ள ஓர் உருளை, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியை மேலே தூக்கினால் குழி நிரம்பும், கீழே இறக்கினால் குழியில் இருப்பது கொட்டும். எடை என்ற பேச்சே அதில் இல்லை. குழியின் கொள்ளளவை மட்டும் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். இதைப் பார்த்ததும் எனக்கு ஆழாக்கு ஞாபகம் வந்தது. எங்கள் பாட்டி அரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளப்பாள். யாருக்காவது கொடுக்கும்போது குவித்து அளப்பாள். அதே ஆழாக்கை இரண்டு தட்டு தட்டிக் குலுக்கினால் இன்னும் ஒரு கைப்பிடி அரிசி உள்ளே போகும். ஆழாக்கு மாறவில்லை, அரிசி உட்கார்ந்த விதம்தான் மாறியது. பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் அவலுக்கும் ஒரே ஆழாக்கில் எடை வேறு வேறு.

துப்பாக்கி மருந்திலும் இதுதான் பிரச்சினை. அதில் மூன்று வடிவம் உண்டு. கடுகு மாதிரி உருண்டை, செதில், குச்சி. உருண்டை மருந்து தண்ணீர் மாதிரி ஓடும், அளப்பானில் சீராக விழும். குச்சி மருந்து அப்படி இல்லை. குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று தாறுமாறாகக் கிடக்கும், உருளை திரும்பும்போது விளிம்பில் மாட்டிக்கொண்டு நறுக்கென்று வெட்டுப்படும். அந்த வெட்டுப்படும் அதிர்வைக் கைப்பிடியில் உணரலாம் என்று என்னையும் தூக்கி இறக்கச் சொன்னான். உணர்ந்தேன். அந்த அளவைக் கொட்டித் தனியே வைத்துவிட்டு நிறுத்துப் பார்த்தோம், முந்தியதோடு ஒத்துப்போகவில்லை.

கைப்பிடியைத் தூக்கும் வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும், மேலே போய் முட்டும்போது தட்டும் தட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். கூண்டில் மருந்து பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் மேலிருந்து அழுத்தும் பாரம் குறையும், அதனால் குழியில் இறுக்கமும் குறையும். நிரப்பிய உடனே போடும் முதல் பத்து அளவை அவன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, திரும்பக் கூண்டில் கொட்டிவிடுவான். அதன் பிறகு பத்து அளவைச் சேர்த்து ஒரே தட்டில் போட்டு நிறுத்து, பத்தால் வகுப்பான். இது அருமையான வழி. ஒரு அளவை நிறுக்கும்போது தராசில் 0.1 கிரெயின் பிழை இருந்தால் அது முழுசாக அந்த ஓர் அளவின் தலையில் விழும். பத்தைச் சேர்த்து நிறுத்தால் அதே பிழை பத்தாகப் பங்கு போய்விடும். ஆனால் சராசரி சரியாக இருப்பது வேறு, ஒவ்வொன்றும் சரியாக இருப்பது வேறு. அதனால் நடுநடுவே ஒற்றை அளவையும் நிறுத்துப் பார்ப்பான்.

அந்தக் காலக் கருமருந்தைக் கொள்ளளவால் அளந்து போடுவதே வழக்கம், அதற்கென்றே குழாய் வைத்த குடுவைகள் உண்டு. இப்போது புழங்கும் புகையற்ற மருந்து நைட்ரோசெல்லுலோஸ். நீலகிரியில் அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலை நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறதே, அங்கே தொடங்கிய கார்டைட்டும் இந்த வம்சம்தான். இதை ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகை என்று மாற்றிப் போட முடியாது. எடை ஒன்றாக இருந்தாலும் எரியும் வேகம் வேறு. மருந்து செய்பவர்களே ஒவ்வொரு வகைக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு என்று அச்சிட்ட புத்தகம் வைத்திருக்கிறார்கள். அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தராசைத் தொடுகிறான். மனப்பாடமாகத் தெரிந்தாலும் திறந்து வைக்கிறான். அது எனக்குப் பிடித்தது.

ஒரு பெரிய ரைபிள் தோட்டாவில் 45 கிரெயின் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 கிரெயின் தவறினால் அது 0.2 சதவீதம். கைத்துப்பாக்கித் தோட்டாவில் 4 கிரெயின் என்றால் அதே 0.1 பிழை 2.5 சதவீதம். தராசு மாறவில்லை, கை மாறவில்லை, ஆனால் ஆபத்து பதினோரு மடங்குக்கும் மேலே போய்விட்டது. சின்ன அளவுகளில் ஆபத்து அதிகம் என்று அப்பா சொல்வதற்கு இதுதான் கணக்கு.

அப்பா 2 கிரெயினுக்குக் கீழே எதையும் நேராக நிறுக்க மாட்டார். டாக்டர் கால் கிரெயின் எழுதியிருந்தால் என்ன செய்வார்? 4 கிரெயின் மருந்தை நிறுப்பார். அதோடு பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ், 28 கிரெயின் நிறுப்பார். கல்வத்தில் முதலில் மருந்து, அதன் மேல் அதே அளவு சர்க்கரை, நன்றாக அரைத்து, இப்போது கல்வத்தில் இருப்பதற்குச் சமமாக இன்னும் கொஞ்சம் சர்க்கரை, மறுபடி அரைத்து, இப்படி இரட்டித்து இரட்டித்துக் கலப்பார். மொத்தம் 32 கிரெயின். அதில் 2 கிரெயின் எடுத்தால் அதற்குள் கால் கிரெயின் மருந்து இருக்கும். தராசால் முடியாததைத் தராசிடம் கேட்காதே என்பார். சர்க்கரை மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டிக் கலந்தால் மருந்து ஒரு மூலையில் தங்கிவிடும், ஒரு பொட்டலத்தில் கூடும், இன்னொன்றில் குறையும். கடையில் இன்று மில்லிகிராம் தராசு விற்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் காட்டியில் மூன்று தசம இலக்கம் தெரிவதும் மூன்றாவது இலக்கம் உண்மையாக இருப்பதும் ஒன்றில்லை.

அதைத்தான் டாலஸில் கண்ணால் பார்த்தேன். அவனிடம் இரண்டு தராசு. ஒன்று மின்னணுத் தராசு, கைக்கு அடக்கமானது. இன்னொன்று கோல் தராசு, ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் கோலில் பள்ளம் பள்ளமாக வெட்டி நகரும் எடைகள். முனையில் ஒரு செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே தொடாமல் ஆடும். தகடு நகரும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அசைவைத் தடுக்கும். நகராமல் நின்றுவிட்டால் தடையே இல்லை. அதனால் ஆட்டம் சீக்கிரம் அடங்குகிறது, எடை மட்டும் மாறுவதில்லை. பாடப் புத்தகத்தில் பத்து வருஷம் நடத்திய விஷயத்தை மேசைமேல் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மின்னணுத் தராசில் ஒரு சோதனை காட்டினான். மருந்தைச் சொட்டுச் சொட்டாக உதிர்க்க ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. விரலால் உருட்டினால் ஒன்றிரண்டு மணி உதிரும். தட்டில் குறித்த எடைக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, மிக மெதுவாக உருட்டச் சொன்னான். உருட்டினேன். ஒரு மணி, இன்னொரு மணி, இன்னொன்று. எண் அசையவே இல்லை. "இப்ப தட்டைத் தூக்கி வையுங்க சித்தி." தூக்கி வைத்தேன். 0.2 கிரெயின் கூடியிருந்தது. எண் துடித்துக்கொண்டே இருந்தால் படிக்க முடியாது என்று அந்தத் தராசுக்குள் சிறிய மாற்றங்களை வடிகட்டும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மெதுவாகக் கூடும் எடையை அது வெப்பத்தால் வந்த தடுமாற்றம் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. நாம் எவ்வளவு பொறுமையாகப் போடுகிறோமோ அவ்வளவு ஏமாற்றுகிறது. அதனால் அவன் எப்போதும் கடைசியில் தட்டைத் தூக்கி, எண் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்து, மறுபடி வைத்துத்தான் எண்ணை எழுதுகிறான். பரிசோதனைக்கூடத்தில் இத்தனை வருஷம் இருந்த எனக்கு இது தெரியாது. கடைசிப் பத்து வருஷம் மாணவிகள் பயன்படுத்தியது இதே ரகத் தராசு.

அப்பாவின் தராசில் இந்த வம்பு இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பழக்கம் தேவைப்பட்டது. முள் நிற்கும் வரை அவர் காத்திருக்க மாட்டார். முள் நின்ற இடத்தை நம்பாதே, கோல் உட்கார்ந்து ஆடும் கத்திமுனையில் தூசி இருந்தாலும் முள் நிற்கும் என்பார். ஆடும்போதே பார்ப்பார். இடது பக்கம் எத்தனை கோடு, வலது பக்கம் எத்தனை கோடு, இரண்டும் ஒத்துப் போகிறதா. பின்னால் பள்ளியில் இதையே இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு என்று ஐந்து திருப்பங்களைக் குறித்துச் சராசரி எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் தட்டு மாற்றிப் போடுவார். பொடி இருந்த தட்டில் எடை, எடை இருந்த தட்டில் பொடி. கோலின் இரண்டு கையும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் அப்போது காட்டிக் கொடுத்துவிடும்.

ஊருக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு சின்ன மின்னணுத் தராசு வாங்கிக் கொடுத்தான். நகை எடை போடும் ரகம், 20 கிராம் வரை நிறுக்கும், ஒரு மில்லிகிராம் வரை காட்டும். கூடவே 20 கிராம் சோதனை எடை ஒன்று. கிளம்பும் அன்று அவன் மேசையில் வைத்துப் பார்த்தோம். சரியாக 20.000. வீட்டுக்கு வந்து, புரசைவாக்கத்தில் என் சாப்பாட்டு மேசையில், அரை மணி நேரம் சூடாக விட்டு, அதே எடையை இடுக்கியால் எடுத்து வைத்தேன். 19.976.

விமானத்தில் எங்கேயோ அடிபட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கஷ்டமாகிவிட்டது. பரணில் இருந்து அப்பாவின் தராசை இறக்கி, பள்ளியிலிருந்து வாங்கி வைத்திருந்த பித்தளை எடைப் பெட்டியோடு ஒப்பிட்டேன். எடையில் குறை இல்லை, 20 கிராமுக்கு 20 கிராம் சமமாக நின்றது. அப்புறம் ராத்திரி படுத்த பிறகு உறைத்தது. எழுந்து போய்க் கணக்குப் போட்டேன். டாலஸ் ஏறத்தாழ 33 டிகிரி வடக்கு. சென்னை 13 டிகிரி. பூமி நடுவில் சற்றுப் பருத்திருக்கிறது, நடுக்கோட்டுப் பக்கம் வேகமாகவும் சுழல்கிறது. அதனால் புவியீர்ப்பு முடுக்கம் அங்கே ஏறத்தாழ 9.795, இங்கே 9.783. வித்தியாசம் 0.12 சதவீதம். 20 கிராமுக்கு 24 மில்லிகிராம். காட்டியில் குறைந்தது அதே 24.

அந்தச் சாயங்காலம் முழுக்கக் கெட்டுப்போனதாக நினைத்த தராசு, உண்மையில் பூமியின் வடிவத்தை என் சாப்பாட்டு மேசையில் அளந்து காட்டியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மின்னணுத் தராசு அளப்பது தட்டைக் கீழே அழுத்தும் விசையை. கோல் தராசு ஒரு நிறையை இன்னொரு நிறையோடு ஒப்பிடுகிறது, ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும். அதனால்தான் அப்பாவின் தராசு டாலஸிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஒரே பதில் சொல்லும். மின்னணுத் தராசை இடம் மாற்றினால், வெயில் மாறினால், சோதனை எடை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தியதும் இதுவும் 20.000 காட்டியது. கிரெயினில் சொன்னால் அந்த வித்தியாசம் 0.4. இரண்டு ஊருக்கு நடுவில் யாரும் எதையும் தொடாமலே வந்த பிழை.

சோதனை எடை என்றதும் இன்னொன்று. அவன் நண்பர்கள் சிலர் அமெரிக்க ஐந்து சென்ட் நாணயத்தை வைத்துச் சோதிப்பார்களாம், அது புதிதாக இருக்கும்போது 5 கிராம். அப்பாவிடம் ஒருமுறை வெள்ளி ரூபாயை வைத்து 180 கிரெயின் பார்க்கலாமா என்று கேட்டேன். "எத்தனை கையில் தேய்ஞ்சு வந்திருக்கோ, அதை எப்படிம்மா நம்புறது?" என்றார். எடைகளை விரலால் தொட விடமாட்டார். விரல் எண்ணெயும் வேர்வையும் எடையில் ஒட்டும், பித்தளை கறுக்கும். சென்னைக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பொட்டலக் காகிதமே மழைக்காலத்தில் ஈரம் வாங்கி எடை கூடிவிடும். அதனால் இரண்டு தட்டிலும் ஒரே தாளிலிருந்து வெட்டிய காகிதம் போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

இதுவரை சொன்னதெல்லாம் கருவி. கருவியின் பிழை கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆளின் பிழை ஒரேயடியாக வரும்.

பள்ளியில் ஒருமுறை. மாதிரிச் செய்முறைத் தேர்வுக்காக ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு லிட்டருக்கு 6.3 கிராம், டெசிநார்மல். நிறுத்து, குடுவையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றும்போது வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். போய் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தேன். குடுவையில் நிறமற்ற தண்ணீர். தராசில் காலியான தட்டு. இன்னும் போடவில்லை என்று கை முடிவு செய்துவிட்டது. மறுபடி 6.3 நிறுத்துப் போட்டேன். அன்று முப்பது பெண்களுக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 20 மில்லியில் முடிய வேண்டியது 40 வரை ஓடியது. ஒரு பெண் பயந்து அழுதாள், தான்தான் தவறு செய்துவிட்டதாக நினைத்து. அவள் தவறில்லை, என் தவறு என்று வகுப்பு முன்னால் சொன்னேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

இதை அவனிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. அவன் மேசையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இரட்டை மருந்து. கைத்துப்பாக்கித் தோட்டாவில் வேகமாக எரியும் மருந்து கூட்டில் பாதிகூட நிரம்பாது. அதனால் இரண்டாவது முறை கொட்டினாலும் வெளியே வழியாது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மருந்தே போடாமல் விட்டுவிட்டாலும் ஆபத்துதான். அடியில் இருந்து தீ மூட்டும் பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, அது குழாய்க்குள் பாதியில் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும்.

அதற்காக அவன் வைத்திருக்கும் முறையைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் குரலே கேட்டது. குழி வைத்த ஒரு மரப்பலகை. காலிக் கூடுகள் எல்லாம் அதில் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். ஒன்றை எடுத்து, மருந்து போட்டு, நிமிர்த்தி வைப்பான். கவிழ்ந்திருந்தால் காலி, நிமிர்ந்திருந்தால் நிறைந்தது. நினைவை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. பலகை முடிந்ததும் டார்ச் அடித்து வரிசை வரிசையாக எல்லாக் கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பான், மட்டம் எங்காவது ஏறியோ இறங்கியோ தெரிகிறதா என்று. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். வேலை முடிந்ததும் அளப்பானில் மீதி இருப்பதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுவான், ராத்திரி முழுக்க விட்டுவைக்க மாட்டான். காலையில் பார்த்தால் சாம்பல் பொடி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எது எதென்று யார் சொல்வது? நடுவில் போன் வந்தால் எடுப்பதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால், கையில் இருக்கும் கூட்டில் என்ன இருந்தாலும் டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அப்பாவும் மேசையில் ஒரே பாட்டில்தான் வைப்பார். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை பெயரைப் படிப்பார், நிறுக்கும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை. வாய்விட்டுப் படிப்பார். சின்ன வயதில் அது ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கிறேன். ஆக்சாலிக் அமிலம் நிறுத்த அன்று எனக்கு அந்த மந்திரம் இல்லாமல் போயிற்று. போட்டதும் குடுவைமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதும். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை ஒட்டினேன்.

போன மாதம் அவன் போனில், "தாத்தாவோட கிரெயின் எடைங்க இருக்கா சித்தி? ஒண்ணு கிடைச்சா என் மேசையில வச்சுக்குவேன்" என்று கேட்டான். பெட்டியைத் திறந்தேன். வெல்வெட் கிழிந்துபோன குழிகளில் சின்னச் சின்னத் தகடுகள், மூலை மடித்தவை. 5 கிரெயின் குழியில் தகடு இருந்தது. ஆனால் மூடியின் உள்பக்கம் இன்னொரு 5 கிரெயின் தகடு, பொட்டலக் காகிதத்தில் மடித்துச் செருகியிருந்தது. நான் மடிக்கும் மடிப்பில்லை, அப்பாவின் மடிப்பு. மேலே பென்சிலில், "குறைவு. போடக் கூடாது."

விசிறியை நிறுத்திவிட்டு, தராசைத் திருத்திக்கொண்டு, இரண்டையும் இடுக்கியால் மூன்று மூன்று முறை வைத்துப் பார்த்தேன். குழியில் இருந்தது 0.324, மூன்று முறையும். 5 கிரெயினுக்கு அதுதான் கணக்கு. காகிதத்தில் இருந்தது 0.317, 0.318, 0.317. அப்பாவிடம் மில்லிகிராம் காட்டும் எதுவும் இருந்ததில்லை. அந்தத் தராசும், ஆடும் முள்ளும், தட்டு மாற்றிப் போடும் பழக்கமும்தான்.

அவனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"எவ்ளோ குறைவு சித்தி?"

"0.1 கிரெயின்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அது என் கோல் தராசுல கடைசிக் கோடு" என்றான்.

நல்ல தகட்டை அவனுக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், அக்கா டிசம்பரில் போகும்போது கொண்டுபோவாள். குறைந்த தகட்டை அதே காகிதத்தில், அதே மடிப்பில் மடித்து, மூடிக்குள் செருகிவிட்டேன்.